எந்தக் கையில் பிபி பார்ப்பது? தகயாசு உள்ள கர்ப்பிணி வீட்டுக்குச் சில குறிப்புகள்

என் தங்கைக்கு 24 வயதில், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் இடது கை கடுத்துப்போகும். ‘சத்து இல்ல, முருங்கைக்கீரை சாப்பிடு’ என்று இரண்டு வருடம் ஓட்டினோம். கடைசியில் ஒரு டாக்டர் அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அங்கே நாடி கிடைக்கவில்லை. நோயின் பெயர் தகயாசு. அதோடு கல்யாணம், அதோடு கர்ப்பம், இப்போது பத்து மாதக் குழந்தை. மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டில், அவளைப் பார்த்துக்கொண்ட நான் ஒரு பழைய டைரியில் குறித்து வைத்தவை இவை. மருந்தின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டு வேலை நம்முடையது.

1. முதலில் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இது தகயாசு ‘ஆர்ட்ரைட்டிஸ்’, மூட்டுவாதமான ‘ஆர்த்ரைட்டிஸ்’ அல்ல. ஓர் எழுத்து வித்தியாசத்தால் எங்கள் அத்தை ஒரு மாதம் முடக்கத்தான் தோசை வார்த்துப் போட்டார். போதாக்குறைக்கு, இதைப் பார்க்கிற டாக்டரின் போர்டிலும் ‘மூட்டு, வாத நோய் நிபுணர்’ என்றுதான் இருக்கும். வீங்குவது மூட்டு அல்ல. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியும் அதிலிருந்து பிரியும் பெரிய குழாய்களும்தான். சுவர் தடித்து, உள்ளே ரத்தம் ஓடும் வழி குறுகிவிடுகிறது. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வருகிறது; ஆசியாவில் கொஞ்சம் அதிகம். 1908-ல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்திருப்பதை எடுத்துச் சொன்ன ஜப்பானியக் கண் டாக்டர் மிகிதோ தகயாசுவின் பெயர்தான் நோய்க்கு. ‘நாடி இல்லா நோய்’ என்ற பெயரும் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கு ‘ரத்தக்குழாய் வீக்கம்’ என்று சொன்னால் போதும்.

2. பிபி எந்தக் கையில் பார்ப்பது என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். குழாய் குறுகிய கையில் ரத்தம் குறைவாகத்தான் வந்து சேரும்; அங்கே கருவி காட்டுவது பொய்க்கணக்கு. ஒன்பதாவது வாரத்தில் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் என் தங்கைக்கு இடது கையில் பட்டையைச் சுற்றி 88/60 என்று எழுதினார்கள். ‘லோ பிபி, நல்லா உப்பு போட்டு மோர் குடிங்க’ என்று அறிவுரையும் கிடைத்தது. மூன்று நாள் விழுந்து விழுந்து குடித்தாள். நான்காம் நாள் வாத நோய் டாக்டர் வலது கையில் பார்த்தார்: 150/96. உப்பு மோர் போட்ட வேலை.

அவளுக்கு வலது கை நல்ல கை. உங்கள் வீட்டில் அது இடதாக இருக்கலாம். இரண்டு கையும் கெட்டிருந்தால் காலில் பார்க்கச் சொல்வார்கள். கால் அளவு சாதாரணமாகவே கையைவிட 10 முதல் 20 வரை கூடுதலாக இருக்கும். அதைக் கழித்துப் படிப்பது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வயிற்றுப் பக்கத்து மகாதமனியும் சிறுநீரகக் குழாயும் குறுகுவது அதிகம். அப்படியிருந்தால் காலும் பொய் சொல்லும். நாமாக முடிவு செய்யாமல், பழைய ஆஞ்சியோ படத்தைப் பார்த்து டாக்டர் சொல்லும் உறுப்பு எதுவோ அதில் மட்டும் பாருங்கள்.

3. மேல்கையில் சுற்றும் பிபி கருவியாக வாங்குங்கள். மணிக்கட்டில் மாட்டுகிற வகை இந்த நோய்க்கு உதவாது. பட்டை கைக்குப் பொருந்தும் அளவா என்று கடையிலேயே சுற்றிப் பாருங்கள். மாடி ஏறி வந்ததும் பார்க்காமல், ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பாருங்கள். நோட்டில் எண்ணை மட்டும் எழுதாமல் ‘வலது கை, காலை 7, 128/82’ என்று உறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். பேட்டரி இரண்டு செட் கூடுதலாக இருக்கட்டும். மழை நாளில் கரண்ட் போவது நமக்குப் புதிதா என்ன?

4. தபால் கார்டு அளவு அட்டையில் நோயின் பெயர், ‘இடது கையில் பிபி பார்க்கக் கூடாது’ (அல்லது உங்களுக்கு எதுவோ அது), தினமும் சாப்பிடும் ஸ்டீராய்டின் அளவு, இரண்டு போன் நம்பர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அதையே படமெடுத்து போனின் முகப்பில் வையுங்கள். 108 வண்டியில் ஏறும்போது பக்கத்தில் நாம் இல்லாமல் போகலாம்.

5. குழந்தை வேண்டும் என்று நினைத்த உடனேயே டாக்டரிடம் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போன பிறகு சொல்வது தாமதம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து கருத்தரிப்பது நல்லது. மெத்தோட்ரெக்சேட், மைகோஃபினோலேட், லெஃப்ளுனமைடு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு இவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். லெஃப்ளுனமைடை உடம்பிலிருந்து கழுவி எடுக்கத் தனி மருந்தே தருவார்கள். பிபி மாத்திரையில் காதால் கண்டுபிடிக்க ஒரு வழி: பெயர் ‘ப்ரில்’ என்றோ ‘சார்டன்’ என்றோ முடிந்தால் (எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன்) கர்ப்பத்துக்கு ஆகாது. பதிலாக லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மாதிரி கொடுப்பார்கள். இதெல்லாம் தெரியாமல் கரு உண்டாகிவிட்டால் பயந்து எல்லா மாத்திரையையும் குப்பையில் போடாதீர்கள். அன்றே போன் செய்யுங்கள்.

6. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. ‘வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு ஸ்டீராய்டா?’ என்று கேட்காத பக்கத்து வீடு கிடையாது. பிரெட்னிசொலோனை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பெருமளவு செயலிழக்கச் செய்துவிடுகிறது. குழந்தைக்குப் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவுதான். அசதயோப்ரினையும் கர்ப்பத்தில் தொடரலாம் என்பது உலகம் முழுக்க ஏற்ற முறை. மாத்திரையைவிட, அடங்காத நோய்தான் குழந்தைக்கும் தாய்க்கும் ஆபத்து. காலை டிபனுக்குப் பிறகு சாப்பிட்டால் வயிறு எரியாது. ராத்திரி தூக்கமும் கெடாது.

7. அதிமதுரத்தை அஞ்சறைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானாகத் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதிமதுரம் பிபியை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அதோடு, போன குறிப்பில் சொன்ன அதே நஞ்சுக்கொடி நொதியை முடக்கும். அதாவது குழந்தைக்குக் காவல் நிற்கும் கதவையே திறந்துவிடும். தொண்டை கமறலுக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது, இருமல் கஷாயம், சில மூலிகை டீ எல்லாவற்றிலும் இது இருக்கும். கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் பிரசவ லேகிய சாமான் வாங்குவது மயிலாப்பூர் வழக்கம், நாங்களும் வாங்குகிறவர்கள்தான். வாங்கும்போது பட்டியலைக் கேட்டு எழுதி, டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளறுங்கள்.

8. மெடிக்கல் ஷாப்பில் ‘இடுப்பு வலிக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். டாக்டர் சம்மதத்தோடு பாரசிட்டமால்.

9. பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டிச் சின்ன அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவார்கள். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றாமல் தடுக்க உதவுவது இது. ‘ரத்தத்தை நீர்க்க வைக்கும், கரு கலையும்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு, மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். எப்போது நிறுத்துவது என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

10. உப்பு. இங்கேதான் எங்கள் வீட்டில் சண்டையே. ஸ்டீராய்டும் உப்பும் சேர்ந்தால் உடம்பில் நீர் தங்கும், பிபி ஏறும். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதற்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சாம்பாரில் குறைத்துவிட்டு இரண்டு அப்பளம், ஒரு மாவடு, பருப்புப்பொடி என்று தட்டைச் சுற்றி வைத்தால் கணக்கு எங்கே நிற்கும்? நாங்கள் செய்தது: காலையிலேயே அவளுக்கான ஒரு ஸ்பூன் உப்பைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அவள் பங்கை உப்பில்லாமல் எடுத்துவைத்து, கிண்ணத்திலிருந்து கலப்போம். கிண்ணம் காலியானால் கடை மூடல். மசக்கைக்கு மாங்காய் கேட்டால், கீறிய மாங்காயில் உப்புக்குப் பதில் வறுத்த சீரகப்பொடியும் கொஞ்சம் மிளகாய்த்தூளும். ரசத்தில் எலுமிச்சை கூட்டினால் உப்புக் குறைவது நாக்குக்குத் தெரியாது. இந்துப்பும் உப்புதான், ஏமாறாதீர்கள். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் குழாய் குறுகியவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

11. சர்க்கரைப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு போக வேண்டிய அவசியம் இல்லை. இந்த எளிய முறையை நாடெங்கும் கொண்டுபோனவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். காலையில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது மத்தியானமும் சாயங்காலமும். காலை வெறும் வயிற்று அளவு நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். மதிய சாப்பாட்டுக்குப் பின் அளவைத்தான் முக்கியமாகப் பாருங்கள்.

12. பிரசவ டாக்டர், வாத நோய் டாக்டர், இதய டாக்டர் மூவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்க வேண்டும். ஒரே ஃபைல், ஒரே நோட்டு. மாடவீதிக்குள் ராசியான டாக்டரம்மா இருக்கலாம். ஆனால் பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒரே கட்டடத்தில் உள்ள இடமே இந்தப் பிரசவத்துக்கு ஏற்றது. அரசு மருத்துவமனைக்குப் போகலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்க்குத் தனித் துறை இருக்கிறது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844 முதலும், நாம் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை 1885 முதலும் சிக்கலான பிரசவங்களைப் பார்த்துவருகின்றன. வேலூர் சி.எம்.சி.யில் தகயாசு நோயாளிகளை நிறையப் பார்த்த டாக்டர்கள் உண்டு. இந்த நோய் எவ்வளவு முனைப்பாக இருக்கிறது என்று மதிப்பிட இந்திய டாக்டர்கள் சேர்ந்து உருவாக்கிய ஐடாஸ் 2010 அளவுகோலில் அவர்களுக்கும் பங்குண்டு.

13. தனியாரிடம் பார்த்தாலும் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். அங்கேயும் நான்காம் குறிப்பில் சொன்ன அட்டையைக் காட்டுங்கள்.

14. ஈ.எஸ்.ஆர். கூடியிருக்கிறதே என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து அழ வேண்டாம். கர்ப்பத்தில் அது தானாகவே ஏறும். நோயின் நிலையை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குழாய்களைப் பார்க்க வேண்டுமென்றால் டாப்ளர், அல்லது சாய மருந்து செலுத்தாத எம்.ஆர்.ஐ. இந்த நோயில் குழந்தையின் வளர்ச்சி குன்றலாம் என்பதால் வளர்ச்சி ஸ்கேன் அடிக்கடி இருக்கும். ‘எத்தனை ஸ்கேன்டி எடுப்பாங்க, காசு புடுங்கறாங்க’ என்று எங்கள் அம்மாவே சொன்னார். இவளுக்கு அது தேவைதான்.

15. கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு: கப்பிக் கயிற்றில் துணி உலர்த்துவது, பரணில் பாத்திரம் எடுப்பது, ஒட்டடை அடிப்பது. தலை பின்னிவிட யாராவது உட்காருங்கள். அதுவே ஒரு சுகம். தரையில் உட்கார்ந்து எழும்போது ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்து நின்றுவிட்டு நடக்க வேண்டும். படுப்பது இடது பக்கமாக.

16. சித்திரை வெயிலில் ரங்கநாதன் தெருவில் சீமந்தப் புடவை எடுப்பது வேண்டாம். பங்குனிப் பெருவிழா அறுபத்துமூவரை மாடியிலிருந்து பார்த்தாலும் கபாலி அருள் கிடைக்கும்.

17. வளைகாப்பில் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டால் மணிக்கட்டில் நாடி பார்க்க வழியில்லை. அவசரத்தில் நர்ஸ் உடைக்க வேண்டிவரும். நல்ல கையில் ஐந்து வளையலோடு நிறுத்துங்கள். மற்ற கையில் ஆசை தீர அடுக்குங்கள். மிச்சத்தை வந்த பெண்களுக்குக் கொடுத்துவிடலாம், அதுவும் வழக்கம்தான். ஹோமப் புகையில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். சாஸ்திரிகளிடம் முன்னாலேயே சொன்னால் சுருக்கித் தருவார். கட்டு சாதக் கூடையில் புளியோதரைக்கும் அப்பளத்துக்கும் அந்த உப்புக் கிண்ணத்தின் சட்டம் உண்டு.

18. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நாள் குறித்திருந்தால் ஒரு மாத மாத்திரை கையிருப்பு வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எத்தனை தெரு தீவானது என்பதையும் மறக்க முடியாது. ஸ்டீராய்டு இரண்டு நாள் தவறுவதே ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்தால், தண்ணீர் தேங்காத பகுதியில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு முதல் நாளே போய்விடுங்கள். மூன்றாம் மாடியில் பத்திரமாக இருப்போம் என்பது சரி. கீழே இடுப்பளவு தண்ணீரில் எப்படி இறக்குவீர்கள்?

19. ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பில் தொற்று சீக்கிரம் ஏறும். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், அவளுக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசி போடலாம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கர்ப்பத்தில் கிடையாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

20. ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டிய குறிப்பு இது: நல்ல கையில் 140/90 தாண்டினால் போன். 160/110 என்றால் போன் செய்துகொண்டே கிளம்புவது. விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ் வலி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது வந்தாலும் பிபி அளவைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108.

21. தகயாசு என்றாலே சிசேரியன் என்று விதி இல்லை. அடங்கிய நோயில் சுகப்பிரசவம் நடக்கிறது. எட்டாம் மாதத்திலேயே மயக்க மருந்து டாக்டரைச் சந்தித்துவிடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் கையில் பிபி பார்ப்பீர்கள், பிரசவ நேரத்தில் ஸ்டீராய்டு ஊசி கூடுதலாக வேண்டுமா, ரத்தப்போக்கை நிறுத்த எந்த ஊசி? பிபி உள்ளவர்களுக்கு எர்கோமெட்ரின் வகை ஊசி ஆகாது, ஆக்சிடோசின் தருவார்கள். டாக்டர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஃபைலைப் புரட்ட நேரம் இருக்காது.

22. பிள்ளை பிறந்ததும் கவனம் முழுக்கத் தொட்டிலுக்குப் போய்விடும். ஆனால் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிபி உச்சத்துக்குப் போகும் காலம். வீட்டுக்கு வந்த பிறகும் காலை, மாலை பாருங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பிரெட்னிசொலோன், அசதயோப்ரின் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம்; ஸ்டீராய்டு 20 மில்லிகிராமுக்கு மேல் போனால் நான்கு மணி நேர இடைவெளி விடச் சொல்வார்கள். ராத்திரி ஒரு வேளைக்காவது குழந்தையை வேறு யாராவது தோளில் போட்டுத் தட்டட்டும். நோய் மறுபடி தலைதூக்குகிறதா என்று பார்க்க, ஒன்றரை மாதத்துக்குள் வாத நோய் டாக்டரிடம் ஒரு நடை போய்வாருங்கள்.

23. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி போட்டிருந்தால் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். நம் ஊரில் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள தடுப்பூசி; அந்த மருந்து குழந்தை உடம்பில் பல மாதங்கள் தங்கலாம். பிரசவ அறையிலேயே நர்ஸிடமும் குழந்தை டாக்டரிடமும் சொல்லுங்கள். பிரெட்னிசொலோன், அசதயோப்ரின் மட்டும் என்றால் தள்ளிப்போட வேண்டியதில்லை. எங்களுக்கு அந்தக் கவலை வரவில்லை. 37-வது வாரத்தில் 2.3 கிலோவில் வந்த பெண் முதல் நாளே பி.சி.ஜி. போட்டுக்கொண்டு வீட்டைத் தூக்கினாள்.

24. அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட, பிபி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம். காப்பர்-டி பற்றிக் கேளுங்கள்.

25. கடைசியாக, இந்த நோய் இல்லாத வீடுகளுக்கு. கர்ப்பிணியின் முதல் செக்கப்பில் இரண்டு கையிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் ஆகும். திரும்பத் திரும்பப் பார்த்தும் மேல் அளவில் 20 வித்தியாசம் இருந்தால், கை தூக்கினால் கடுக்கிறதா என்று அவளைக் கேளுங்கள். முருங்கைக்கீரையை அப்புறம் ஆய்ந்துகொள்ளலாம்.